மர்ம விலங்கு என்றொரு பெயர்

சேலம், நாமக்கல் மாவட்டச் செய்திகளைத் தாங்கி வரும் நாளிதழ்ப் பக்கங்களில் ஆண்டுக்குச் சில முறையேனும் நம் கண்ணில் படும் தலைப்பு ஒன்று உண்டு. 'மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி' என்பதே அது. பட்டியில் அடைத்திருந்த ஆடுகள் விடியலில் தொடை கிழிந்தும் குடல் சரிந்தும் கிடக்கின்றன. ஊர் கூடுகிறது. வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் ஆள் போகிறது. இரவில் வந்தது எதுவென்று ஒருவருக்கும் தெரியாது. தெரியாத ஒன்றோடு வாழ்வது மனிதனுக்கு இயலாத செயல். ஆகவே அதற்கும் ஒரு பெயரைச் சூட்டிவிடுகிறோம். விலங்கியல் நூல் எதிலும் இடம்பெறாத இந்த 'மர்ம விலங்கு' நம் சமவெளியில் உலவும் பரப்பு, சிறுத்தைக்கும் நரிக்கும் வாய்த்த பரப்பைவிடப் பெரிது!

வனத்துறையினர் வந்து கால்தடம் பார்த்தபின், பல வேளைகளில், வந்தவை நாய்களே என்று சொல்லிச் செல்கின்றனர். அவை தெரு நாய்களாகவும் இருக்கலாம். பகலெல்லாம் வாசலில் வாலாட்டிக் கிடந்து, இரவில் அவிழ்த்துவிடப்பட்டதும் கூட்டம் சேர்ந்துகொள்ளும் வீட்டு நாய்களாகவும் இருக்கலாம். ஆனால் அந்தச் சொல் வந்து சேர்வதற்குள் ஊரில் பல காரியங்கள் நடந்து முடிந்திருக்கும். இருளில் அசைந்தது எதுவாயினும் அதன்மேல் கல்லும் கட்டையும் விழுந்திருக்கும். நரிக்கு விழ வேண்டும் என்று எண்ணிய அடி நாய்க்கும், நாய்க்கென்று ஓங்கிய அடி நரிக்கும் விழுந்திருக்கும். அண்டை வீட்டார் அன்போடு வளர்த்த பிராணி வரப்போரம் செத்துக் கிடக்கும்.

இது சிறிய செய்தி. நாட்டில் இதைவிடப் பெரிய துயரங்கள் எத்தனையோ உண்டு. எனினும் இந்தச் சிறிய செய்தியினுள் பெரியதொரு அறவினா ஒளிந்திருப்பதாக நாம் கருதுகிறோம். இன்னதென்று அறியாமல் ஓர் உயிரின்மேல் கைவைத்தவன் குற்றவாளியா? 'எனக்குத் தெரியாது' என்பது எப்போது தக்க விடையாகிறது? எப்போது அது வெறும் சாக்குப்போக்காகிறது?

முதலில் அச்சத்திற்கு அதற்குரிய மதிப்பைத் தந்துவிட வேண்டும். நகரத்து மாடியில் அமர்ந்து, உழவர் வீணே அஞ்சுகிறார் என்று எழுதுவது எளிது, முறையன்று. 2023ஆம் ஆண்டு சனவரியில் நாமக்கல் மாவட்டம் பரமத்தி வேலூரை அடுத்த இருக்கூர்ப் பகுதியில் சிறுத்தை நடமாடியது. வாழையும் கரும்பும் விளையும் காவிரிக்கரை வட்டாரத்தில் கூண்டுகளும் தானியங்கிக் கேமராக்களும் வைக்கப்பட்டன. சிறுத்தையைச் சுவரொட்டியிலும் திரைப்படத்திலும் மட்டுமே கண்டிருந்த மக்கள், மாலை ஆறு மணிக்கே கதவடைத்துக்கொண்டனர். மறு ஆண்டு, 2024 செப்டம்பரில், சேலம் மாவட்டம் மேட்டூருக்கு அப்பாலுள்ள கொளத்தூர்ப் பகுதியில் கால்நடைகளைத் தூக்கிச் சென்றுகொண்டிருந்த சிறுத்தை, துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்து கிடந்தது. ஆகவே 'சிறுத்தை வந்திருக்கலாம்' என்று எண்ணுகிறவரைப் பேதை என்று தள்ளிவிட இயலாது. சேர்வராயன் மலையும் கொல்லிமலையும் போதமலையும் சமவெளிக்கு நடுவே எழுந்து நிற்கும் நிலம் இது. காட்டிற்கும் கழனிக்கும் இடையே ஒரு வண்டித்தடமே எல்லையாக உள்ள ஊர்கள் இங்கே உண்டு.

நாயைப் பற்றிய அச்சமும் அப்படியே. 2024ஆம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் ஏறத்தாழ 4.8 லட்சம் நாய்க்கடிகள் பதிவாயின. வெறிநாய்க்கடி நோயால் 43 பேர் இறந்தனர். நோய்க்குறி தோன்றிவிட்டால் பெரும்பாலும் பிழைக்கவியலாத நோய் அது.

இனி அறிதலைப் பற்றிச் சொல்வோம். வந்தது எது என்று கண்டறிவது மாயவித்தை அன்று. பூனைக் குடும்பத்தைச் சேர்ந்த சிறுத்தை நடக்கையில் நகங்களை உள்ளிழுத்துக்கொள்ளும். அதன் தடத்தில் நகக்குறி விழாது. நாய், நரி, செந்நாய் ஆகியவற்றின் தடத்தில் விழும். சிறுத்தை பெரும்பாலும் தொண்டையைக் கவ்விக் கொன்று, இரையை மறைவிடத்திற்கு இழுத்துப்போகும். நாய்க்கூட்டமோ துரத்தும் வெறியில் பின்தொடை, விலா, காது என்று கண்ட இடமெல்லாம் கடித்து, பத்து, இருபது ஆடுகளை வீழ்த்திவிட்டுத் தின்னாமலே போய்விடும். பசிக்காக வந்த விலங்கு ஒன்றைக் கொண்டு போகும். பசியில்லாத விலங்கு எல்லாவற்றையும் கொன்று போட்டுவிட்டுப் போகும். காட்டு விலங்கே கொடியது என்ற நம் எண்ணத்தை இந்த வேறுபாடு சற்றே அசைத்துப் பார்க்கிறது.

செந்நாயும் நாயும் உருவில் நெருங்கியவை. பிறப்பில் அத்துணை நெருங்கியவை அல்ல. செந்நாய் குரைப்பதில்லை, சீழ்க்கை போன்ற ஒலியால் தன் கூட்டத்தை அழைக்கும். அதன் கீழ்த்தாடையில் நாயைவிடக் கடைவாய்ப் பற்கள் குறைவு. சிவந்த உடலும், கருத்து அடர்ந்த வாலும் அதன் அடையாளங்கள். நம் நாட்டுக் கோம்பை நாயும் சிவந்த மயிரும் கருத்த முகவாயும் கொண்டது. அந்தி மங்கிய வேளையில், சோளக்காட்டின் ஓரத்தில், ஐம்பது அடி தொலைவில் நின்று பார்ப்பவருக்குப் பல்வரிசையை எண்ணிப் பார்க்க வாய்ப்பில்லை. ஓநாயின் நிலை இன்னும் சிக்கலானது. நாயும் ஓநாயும் கலந்து குட்டி ஈனக் கூடியவை. மகாராட்டிரத்தில் புனே நகரையொட்டிய புல்வெளிகளில் அத்தகைய கலப்பு விலங்குகள் இருப்பதை 2023ஆம் ஆண்டில் மரபணு ஆய்வின் வழியேதான் அறிவியலாரால் உறுதி செய்ய முடிந்தது. கண்ணால் கண்டவர்கள் ஐயுறவே முடிந்தது.

அறியும் வழிகள் இருந்தும் நாம் அறிய முற்படாததற்கு அச்சம் மட்டுமே காரணமாகுமா? நம் பகுதியில் இன்னொரு காரணமும் இருந்தது. அது பணம் பற்றியது. காட்டு விலங்கு கொன்ற கால்நடைக்கு வனத்துறை இழப்பீடு வழங்கும் முறை முன்பே உண்டு. நாய் கொன்ற ஆட்டுக்கு அப்படியொரு வழி இருக்கவில்லை. ஒரே பட்டி, ஒரே இரவு, ஒரே அளவு குருதி. கொன்றது சிறுத்தை என்று எழுதப்பட்டால் உழவருக்கு ஏதோ கிடைக்கும். நாய் என்று எழுதப்பட்டால் வெறுங்கை. இந்நிலையில் ஏழை ஒருவர், 'அது சிறுத்தையாகவே இருக்கட்டும்' என்று உள்ளூர விரும்பினால் அவரைக் குறைகூற நமக்கு வாய் வருமா? மேச்சேரி ஆடு என்பது சேலம் மண்ணின் சொத்து. இறைச்சிக்கும் தோலுக்கும் பெயர்பெற்ற இனம். பொட்டனேரியில் அதற்கென்றே ஓர் ஆராய்ச்சி நிலையம் உள்ளது. பத்து மேச்சேரி ஆடுகள் வைத்திருக்கும் கைம்பெண்ணுக்கு அவையே வங்கி, அவையே மகளின் திருமணச் செலவு, அவையே மருத்துவச் செலவு. அவை ஓரிரவில் போயின என்றால், கொன்ற விலங்கின் இனப்பெயரைப் பற்றி அந்தத் தாயிடம் நாம் விரிவுரை நிகழ்த்த இயலாது.

திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் உழவர்கள் செத்த ஆடுகளைச் சாலையில் கிடத்திப் போராடினர். அதன் பின்னரே, 2025ஆம் ஆண்டில், நாய் கடித்து இறந்த கால்நடைகளுக்கும் இழப்பீடு வழங்கப்படும் என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. மாட்டுக்கு 37,500 ரூபாய், ஆட்டுக்கு 6,000 ரூபாய், கோழிக்கு 200 ரூபாய். தொகை போதுமா என்பது வேறு வழக்கு. ஆனால் அந்த அறிவிப்பு, எவரும் எண்ணிப் பாராத வகையில், உண்மைக்கும் ஒரு தொண்டு செய்திருக்கிறது. நாயை நாய் என்று சொன்னால் ஏழைக்கு இழப்பில்லை என்ற நிலை அதனால் பிறந்தது. மக்கள் உண்மை பேசவில்லை என்று வருந்தும் நாம், உண்மை பேசினால் அவர்கள் தண்டிக்கப்படும்படி நம் ஏற்பாடுகள் அமைந்திருப்பதை எத்தனை முறை எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

சட்டமும் பெயரைப் பார்த்தே நடக்கிறது. நரியைக் கொன்றால் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சிறை செல்ல நேரும். நாயை வதைத்தால் 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் முதற்குற்றத்திற்கு விதிக்கும் தண்டம், இன்றைக்கும், பத்து முதல் ஐம்பது ரூபாய். கடல் கடந்த நாட்டில் இதே தராசு தலைகீழாகத் தொங்குகிறது. அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் ஓநாயை வேட்டையாட உரிமம் உண்டு. 2022 செப்டம்பரில் அங்கு ஒரு பெண், ஓநாய்க்குட்டி என்று எண்ணி ஒன்றைச் சுட்டுத் தோலை உரித்து, படமும் எடுத்துப் பெருமையோடு வெளியிட்டார். பார்த்தவர்கள் திடுக்கிட்டனர், அது சைபீரிய ஹஸ்கி வகை நாய்க்குட்டி, யாரோ காட்டில் கைவிட்டுப் போன குட்டிகளுள் ஒன்று. ஓநாயாக இருந்தால் அவர் வேட்டைக்காரர். நாயாக இருந்ததால் விலங்கு வதைக் குற்றச்சாட்டுக்கு ஆளானவர். அந்தக் குட்டிக்கு வலித்த வலி இரண்டிலும் ஒன்றுதானே என்று கேட்கத் தோன்றுகிறது. ஓநாய்க்கும் செந்நாய்க்கும் தலைக்கு இவ்வளவு என்று பரிசு தந்து கொல்வித்த ஆங்கிலேய ஆட்சிக்காலம் நம் நாட்டிலும் இருந்தது. அன்று தொல்லையென்று பட்டியலிடப்பட்ட செந்நாய், இன்று அருகி வரும் உயிரினம் என்று பட்டியலிடப்பட்டிருக்கிறது. செந்நாய் மாறவில்லை.

இப்போது நம் வினாவுக்கு வருவோம். அறநெறி இறையியல் பாடநூல்களில் நெடுங்காலமாக வழங்கிவரும் எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. வேட்டைக்காரன் ஒருவன் புதர் அசைவதைக் காண்கிறான். அசைத்தது மானாக இருக்கலாம், மனிதனாகவும் இருக்கலாம். ஐயம் தீராத நிலையில் அவன் அம்பு எய்யலாமா? கூடாது என்பதே ஆசிரியர்கள் அனைவரின் விடை. எய்த பின் புதருள் கிடந்தது மானே என்று தெரிய வந்தாலும் அவன் நிரபராதி ஆவதில்லை. மனிதனாக இருந்தாலும் சரி என்ற துணிவோடுதானே அவன் நாணை இழுத்தான்? தீமை அம்பு தைத்த இடத்தில் தொடங்கவில்லை. நாண் இழுபட்ட நொடியிலேயே தொடங்கிவிட்டது. புனித தாமஸ் அக்குவினாசு போன்ற அறிஞர் அறியாமையையே இரு வகையாகப் பகுத்துக் காட்டினர். முயன்றாலும் நீக்க முடியாத அறியாமை ஒன்று. முயன்றிருந்தால் நீங்கியிருக்கக்கூடிய அறியாமை மற்றொன்று. முன்னது குற்றத்தை நீக்கும். பின்னது நீக்காது, தேடாமல் விட்ட குற்றத்தையும் அது சேர்த்துக்கொள்ளும்.

நாயும் மனிதனும் ஒன்றா என்று வாசகர் கேட்பது நம் செவியில் விழுகிறது. ஒன்றல்ல. 1992இல் வெளிவந்த திருச்சபையின் மறைக்கல்வி நூல், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவதும் கொல்வதும் மனித மாண்புக்குப் பொருந்தாது என்று கூறும் அதே பத்தியில், மனிதத் துயரைத் துடைக்கச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்காகச் செலவிடுவதும் தகாது என்கிறது. நாய்க்குக் கம்பளி போர்த்தி, வேலைக்காரச் சிறுமியை வெறுந்தரையில் படுக்க வைக்கும் வீடுகளை நாமும் அறிவோம். ஆயினும் அந்த நூல் 'மனித மாண்பு' என்ற சொல்லைப் பயன்படுத்துவதைக் கவனிக்க வேண்டும். அங்கே கணக்கு நாயின் மதிப்பைப் பற்றியது மட்டுமன்று. கையோங்குகிறவனின் மதிப்பையும் பற்றியது. இருளில் அசைவதை எல்லாம் அடிக்கப் பழகிய கை, அடுத்த முறை எதன்மேல் விழும் என்பதே நம்மை உறுத்துகிறது.

நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர். பஞ்சதந்திரக் கதையில், குழந்தையைத் தீண்ட வந்த பாம்பைக் கீரிப்பிள்ளை கடித்துக் கொல்கிறது. குருதி தோய்ந்த வாயோடு எதிர்வந்து நின்ற அந்தக் கீரியை, குழந்தையைத்தான் கொன்றதோ என்று எண்ணி, தாய் அடித்துக் கொன்றுவிடுகிறாள். வளர்த்த பிராணியைக் கொடிய விலங்கென்று மாறி உணர்ந்த கதைகளில் இதுவே மூத்தது எனலாம். இக்கதை மேற்கு நோக்கி நெடும்பயணம் செய்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டில், பிரான்சு நாட்டின் லியோன் நகர்ப்புறத்தில் நற்செய்தி போதிக்கச் சென்ற ஸ்தேவான் என்ற சாமிநாதர் சபைத் துறவி ஒரு வியப்பைக் கண்டார். ஊர்ப்பெண்கள் நோயுற்ற குழந்தைகளை எடுத்துக்கொண்டு, கினெபோர் என்ற புனிதரை வேண்டப் போனார்கள். விசாரித்தபோது அந்தப் 'புனிதர்' ஒரு வேட்டைநாய் என்று தெரிந்தது! தொட்டிலை நெருங்கிய பாம்பைக் கொன்று, குருதி வாயோடு நின்று, தலைவன் வாளுக்கு இரையான நாய். துறவி அந்த நாயின் எலும்புகளைத் தோண்டி எடுக்கச் செய்து எரித்தார். வழிபாட்டைத் தடுத்தது முறையே. (நாயைத் தம் சபையின் அடையாளமாகவே கொண்டவர்கள் சாமிநாதர் சபையினர் என்பது இடையில் நம் முகத்தில் புன்னகையை வரவழைக்கிறது.) ஆயினும் அந்த எளிய பெண்கள் எதை வணங்கினார்கள் என்று சற்றே நின்று எண்ணலாம். காத்த கையே தண்டிக்கப்பட்டதைக் கண்ட நெஞ்சு, எங்கேனும் போய் மன்னிப்புக் கேட்க விரும்பியிருக்கக் கூடும்.

சிலப்பதிகாரம் இக்கதையை வேறொரு கோணத்தில் தொடுகிறது. நமக்கு அதுவே ஆழமானதாகப் படுகிறது. அடைக்கலக் காதையில் மாடலன் என்னும் மறையோன் கோவலனின் நற்செயல்களை எடுத்துரைக்கிறான். கீரியைக் கொன்ற பார்ப்பனியைக் கணவன் துறந்து வடதிசை போகிறான். போகுமுன் வடமொழி வாசகம் எழுதிய ஏடொன்றை அவள் கையில் தருகிறான். அவள் அதை ஏந்தித் தெருத்தெருவாக அலைகிறாள். கோவலன் அவளை அழைத்து, அவள் பாவம் தீரத் தானம் செய்து, காடு போன கணவனையும் கூட்டிவந்து சேர்த்து, பொருளும் கொடுத்து வாழவைக்கிறான். மற்றக் கதைகள் கீரி இறந்ததோடு, தாய் மார்பில் அடித்துக்கொண்டதோடு முடிந்துவிடும். இளங்கோ அதற்கு அப்பால் போகிறார். பிழை செய்தவள் அதன்பின் எப்படி வாழ்வது என்று கேட்கிறார். பதறிச் செய்த ஒரு செயலுக்காக ஒருத்தியை வாழ்நாளெல்லாம் தெருவில் நிறுத்துவதும் நீதியன்று என்று கோவலன் எண்ணியிருக்க வேண்டும்.

அந்தக் கோவலனுக்கு என்ன நேர்ந்தது? அதே காப்பியத்தில், அடுத்த காதையிலேயே, ஆராயாத ஒரு சொல்லால் அவனே கொலையுண்கிறான். அங்கும் இளங்கோ ஒரு நுட்பத்தை வைத்திருக்கிறார். கொல்ல அனுப்பப்பட்ட காவலர்கள் அவன் தோற்றத்தைக் கண்டு, இவன் கள்வன் அல்லன் என்று தயங்குகிறார்கள். பொற்கொல்லன் களவு நூலையே எடுத்து ஓதி, கள்வரின் தந்திரங்களை ஒவ்வொன்றாக அடுக்கி, அவர்களின் ஐயத்தைக் கரைக்கப் பார்க்கிறான். ஐயமுற்றவர்கள் பேசிக்கொண்டு நிற்கிறார்கள். ஐயமே இல்லாத, கல்லாத ஒருவன் வாளை வீசிவிடுகிறான். கீரிக்கு இழைக்கப்பட்ட அநீதியைத் துடைத்தவன், கீரியைப் போலவே மடிகிறான். இளங்கோ வேண்டுமென்றே இவ்விரண்டையும் இணைத்தாரா என்று புலவர்கள் வாதிடட்டும். இணைத்துப் படிக்காமல் இருக்க நம்மால் இயலவில்லை.

விலங்கில் தொடங்கிய மாறுபாடு மனிதனில் முடிவது காப்பியத்தில் மட்டுமன்று. 1996ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்தின் கிழக்கு மாவட்டங்களில் ஓநாய் பல குழந்தைகளைத் தூக்கிச் சென்றது. ஓநாய் உருவெடுத்து மனிதனே வருகிறான் என்ற வதந்தி எழுந்தது; ஊர்களுக்குப் புதிதாக வந்த அப்பாவிகள் சிலர் அடித்துக் கொல்லப்பட்டதாக அக்காலச் செய்திகள் கூறின. அதே மாநிலத்தின் சீதாப்பூர் மாவட்டத்தில் 2017 இறுதியிலிருந்து 2018 மே வரை பத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் விலங்குகளால் கடித்துக் கொல்லப்பட்டபோது, கொன்றவை நாய்களா ஓநாய்களா என்ற வழக்காடல் எழுந்தது. அதற்கிடையே ஊர் ஊராக நாய்கள் வேட்டையாடப்பட்டன. குழந்தையை இழந்த தாய்க்கு முன்னால் நாய்க்காகப் பேச நமக்குத் துணிவில்லை. ஆனால் கடித்த நாயும் கடிக்காத நாயும் ஒன்றாய் மடிந்ததால் எந்தக் குழந்தையும் காக்கப்பட்டதாக நமக்குத் தோன்றவில்லை.

வடக்கே மட்டும் நடப்பதா இது? 2018ஆம் ஆண்டின் அதே மே மாதத்தில், நம் தமிழ்நாட்டில், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த சிற்றூர் ஒன்றில், குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற குடும்பம் வழி கேட்க நின்றது. மூதாட்டி ஒருவர் அங்கு விளையாடிய குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர் வருகிறார்கள் என்று கைப்பேசிகளில் பரவியிருந்த புரளி ஊரார் மனத்தில் இருந்தது. அடித்தே கொன்றார்கள். பாட்டியைப் பாட்டி என்று காணக் கண்கள் இருந்தன. பட்டப்பகல் வெளிச்சமும் இருந்தது. ஆனால் பெயர் முன்னதாகவே சூட்டப்பட்டுவிட்டது.

நாய்களின் வழக்கு இப்போது நாட்டின் உச்சநீதிமன்றத்திலும் நிற்கிறது. 2025 ஆகஸ்டு 11 அன்று, தில்லி வட்டாரத்துத் தெரு நாய்களை எல்லாம் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க வேண்டும் என்று இரு நீதிபதிகள் ஆணையிட்டனர். ஆகஸ்டு 22 அன்று மூன்று நீதிபதிகள் அதைத் திருத்தி, கருத்தடையும் தடுப்பூசியும் செய்தபின் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கொண்டவையும் மூர்க்கமாக நடப்பவையும் விலக்கு என்றனர். நவம்பர் 7ஆம் நாள் பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், தொடர்வண்டி நிலையம் முதலிய இடங்களிலிருந்து நாய்களை அகற்றவும் ஆணை பிறந்தது. நீதிபதிகள் தம் கடமையைச் செய்தனர். ஆனால் 'மூர்க்கமானது எது' என்று தெருமுனையில் நின்று முடிவு செய்யப்போகிறவர் நீதிபதி அல்லர். சுருக்குக் கயிறும் வலையும் ஏந்தி, காலை ஐந்து மணிக்கு வண்டியிலிருந்து இறங்கும் நகராட்சித் தொழிலாளி. அவருக்குக் கிடைக்கும் நேரம் சில நொடிகள். மிரண்டுபோய்ப் பல்லைக் காட்டும் வீட்டு நாயும், இயல்பிலேயே கடிக்கும் நாயும் அந்த நொடியில் ஒன்றுபோலவே தோன்றும். கழுத்தில் பட்டையில்லாமல் வெளியே அனுப்பிவிட்டு, பிடித்துப்போன பின் அவரைத் திட்டுகிற உரிமையாளரை என்னென்பது? கருத்தடை செய்த நாயின் காதில் சிறு வெட்டு ஒன்று இடுகிறார்கள். 'இதை நாங்கள் அறிவோம்' என்று அந்தக் காது சொல்கிறது. தொடக்க நூலில் காயினுக்கு இடப்பட்ட அடையாளமும் அவனைக் காப்பதற்கென்றே இடப்பட்டது. இழிவுக்கென்று அதை நாம் பின்னாளில் பொருள் மாற்றிக்கொண்டோம்.

நம் சேலத்து வாழப்பாடிப் பக்கத்தில் விந்தையான வழக்கம் ஒன்று இருந்து வருகிறது. சின்னமநாயக்கன்பாளையம், கொட்டவாடி முதலிய ஊர்களில் பொங்கலையொட்டி வங்கா நரி ஒன்றை வலைவிரித்துப் பிடித்து, மேளதாளத்தோடு கோயிலுக்குக் கொண்டுவந்து, மக்கள் அதன் முகத்தில் விழித்தபின் காட்டில் விட்டுவிடுவார்கள். நரி முகத்தில் விழித்தால் ஆண்டெல்லாம் நன்மை என்பது நம்பிக்கை. வனத்துறை இதைத் தடுத்து, ஆண்டுதோறும் தண்டமும் விதிக்கிறது. காட்டுயிரைக் கட்டி இழுப்பது அதற்குத் துன்பமே ஆதலால் தடுப்பது சரியே. வங்கா நரி ஒரு சிறு பிராணி. எலி, நண்டு, பூச்சி, இலந்தைப்பழம் இவையே அதன் உணவு. வளர்ந்த ஆட்டைக் கொல்ல அதற்கு வலுவில்லை. எனினும் தை மாதத்தில் அதன் முகத்தில் விழிக்கப் போட்டியிடும் நாமே, ஆடு செத்த மறுநாள் காலையில் ஓடைக்கரையில் அதைக் கண்டால் என்ன செய்வோம்?

கொங்கு நாட்டு மேய்ச்சல் காடுகளில் கிளுவை வேலிக்குள் பட்டி போட்டு ஆடடைப்பதும், அதற்குக் காவலாக நாயைக் கட்டாமல் விட்டு வைப்பதும் பழைய வழக்கம். நள்ளிரவில் வெறிகொண்ட நாய்க்கூட்டம் வேலி தாண்டினால் முதலில் எதிர்த்து நிற்பது இந்தப் பட்டி நாய்தான். விடிந்து உரிமையாளர் வரும்போது கூட்டம் போய்விட்டிருக்கும். செத்த ஆடுகளும், அவற்றின் நடுவே மூச்சிரைக்க நிற்கும் தம் நாயும் மட்டுமே அங்கே இருக்கும். அதன் வாயிலும் குருதி இருக்கும். அது யாருடைய குருதி என்பதை நாய் சொல்லாது. தடம் பார்க்கத் தெரிந்தவர் வந்து சேர இன்னும் இரண்டு மணி நேரம் ஆகும். உரிமையாளரின் கையில் தடி இருக்கிறது.